ஆலோசனை ஆசிரியர்களுக்கு இனவாத எதிர்ப்புப் பயிற்சி: திருகோணமலைக்கு எந்த வழி?

பாடசாலைகளில் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியராகப் போகிறவர்களுக்கு, இனவாதத்தை இனங்கண்டு எதிர்க்கும் பயிற்சி கட்டாயம் வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எந்த வடிவில் என்று கேட்டால்தான் பேச்சு நாலு பக்கம் போகிறது. மூன்று நாள் செயலமர்வு வைத்தால் போதும் என்கிறார்கள் சிலர். ஆலோசனை டிப்ளோமாவுக்குள் தனிப்பாடமாக வையுங்கள் என்கிறார்கள் வேறு சிலர். தனியாக எதற்கு, இருக்கிற பாடங்கள் எல்லாவற்றுக்குள்ளும் கலந்துவிடலாமே என்பது மூன்றாவது யோசனை. அடுத்த சமூகத்துப் பாடசாலையில் ஒரு தவணை களப்பயிற்சி, கூடவே ஒழுங்கான மேற்பார்வை என்பது நான்காவது. நான் நான்காவதன் பக்கம். அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அது நிறைவேறாது என்று தெரிந்தால் அந்த வழியைத் தொடவே கூடாது என்றும் நினைக்கிறேன்.

எங்கள் மாவட்டத்தின் நிலைமையிலிருந்து தொடங்க வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இங்கே முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 வீதம், தமிழர் ஏறத்தாழ 30 வீதம், சிங்களவர் ஏறத்தாழ 27 வீதம். சந்தையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில் மூன்று சனமும் கலந்துதான் நிற்கிறது. பாடசாலை வாசலில் பிரிந்துவிடுகிறது. சிங்களப் பிள்ளை சிங்களப் பாடசாலைக்கு, தமிழ்ப் பிள்ளை தமிழ்ப் பாடசாலைக்கு, அதே தமிழ் மொழியில் படிக்கும் முஸ்லிம் பிள்ளை முஸ்லிம் பாடசாலைக்கு. ஆசிரியராக வருகிற இளையவர் ஒருவர், அடுத்த சமூகத்து வகுப்பறைக்குள் ஒரு நாள்கூட உட்காராமலே படித்து, பயிற்சி பெற்று, நியமனமும் வாங்கிவிடலாம். அப்படி வந்தவரிடம்தான் பிள்ளைகளின் மனக்காயங்களை ஒப்படைக்கிறோம்.

அந்தக் காயங்களில் சில எல்லோருக்கும் தெரிந்தவை. 2018 ஏப்ரலில் நகரத்துத் தமிழ் மகளிர் பாடசாலை ஒன்றில், முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா என்ற நீண்ட மேலங்கி அணிந்து வருவதை எதிர்த்துப் பாடசாலைக்கு முன்னால் ஆர்ப்பாட்டம் நடந்தது. 2022 பெப்ரவரியில் அதே பிரச்சினை அதே பாடசாலையில் மறுபடியும் வெடித்தது. வாய்த்தர்க்கம் பெரியவர்களுடையது, பார்த்துக்கொண்டு நின்றது மாணவியர். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு, அதில் எந்தச் சம்பந்தமும் இல்லாத முஸ்லிம் பிள்ளைகள் சந்தேகப் பார்வைக்கு நடுவே பாடசாலைக்குப் போய்வந்தார்கள். 2024இல் இங்குள்ள முஸ்லிம் பாடசாலை ஒன்றைச் சேர்ந்த 70 மாணவியரின் உயர்தரப் பெறுபேறு நிறுத்திவைக்கப்பட்டது. பரீட்சை மண்டபத்தில் காதுகள் மறையும்படி தலையை மூடியிருந்தார்கள் என்பது காரணம். தமிழ்ப் பிள்ளைகளின் வீடுகளில் 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் பேச்சு இன்னும் ஓயவில்லை. அந்த வழக்கில் சந்தேகநபர்களான 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டதைப் பிள்ளைகளும் செய்தியில் பார்த்தார்கள்.

இவற்றையே உரைகல்லாக வைத்து நான்கு வழிகளையும் உரசிப் பார்க்கிறேன். பெறுபேறு நிறுத்தப்பட்ட மாணவி ஒருத்தி ஆலோசனை அறைக்கு அழுதுகொண்டு வந்தால், அவளை ஆறுதல்படுத்துவது வேலையில் பாதி. நியாயமான ஒரு விதி இருந்ததா, அது முன்கூட்டியே சொல்லப்பட்டதா, மண்டப மேற்பார்வையாளர் ஏன் அந்த இடத்திலேயே பேசித் தீர்க்கவில்லை என்று கேட்டு, அதிபரோடு உட்கார்ந்து கடிதம் எழுதுவது மீதிப் பாதி. எந்தப் பயிற்சி இந்த இரண்டு பாதியையும் செய்யக்கூடிய ஆளை உருவாக்கும்?

இந்த இரண்டாவது பாதியை வலியுறுத்தும் சிந்தனை அமெரிக்காவில் வளர்ந்தது. 1992இல் டெரால்ட் விங் சூவும் அவரோடு இருவரும் எழுதிய பல்பண்பாட்டு ஆலோசனைத் தகைமைகள், ஆலோசகர் தன் சொந்தச் சாய்வுகளை அறிவது, எதிரே இருப்பவரின் உலகத்தை அறிவது, அதற்கேற்ற திறன்களை வளர்ப்பது என்ற மூன்றையும் முன்வைத்தன. 2015இல் அவை திருத்தப்பட்டபோது செயல் என்ற பகுதி சேர்ந்தது. நிறுவனத்தின் விதிகளிலும் கொள்கைகளிலும் தலையிடுவதும் ஆலோசகரின் தொழில் என்று அது சொன்னது. அங்கே பிரச்சினையின் உருவம் வேறு. பல இனப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் படிக்கும் பாடசாலைகளிலேயே, கறுப்பினப் பிள்ளைகள் தங்கள் விகிதத்துக்கு மிஞ்சி இடைநிறுத்தப்படுவதை அந்நாட்டு அரசின் தரவுகளே பல ஆண்டுகளாகக் காட்டுகின்றன. இங்கே கூரையே வேறு வேறு. ஆகவே அவர்களுடைய கைந்நூலை அப்படியே தமிழாக்கிக் கொடுத்தால் எங்கள் பயிலுநருக்குப் பொருந்தாது. தன்னைப் பார், விதியையும் பார் என்ற அந்த அடிப்படையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

செயலமர்வு

நிலாவெளிப் பக்கம் ஒரு மண்டபம், மூன்று சமூகத்திலிருந்தும் பயிலுநர்கள், குழு விளையாட்டு, மதிய உணவு, சான்றிதழ். செலவு குறைவு, அனுமதி இலகு, நன்கொடை நிறுவனங்களுக்கும் பிடித்த வடிவம். இதைத் தூக்கியெறிய நான் தயாரில்லை. இலங்கையிலேயே நான்கு நாள் சமாதான முகாம் ஒன்றில் கலந்துகொண்ட இளையவர்களை ஒரு வருடத்துக்குப் பிறகு ஆராய்ந்தார்கள் தீபக் மல்ஹோத்ராவும் சுமணசிறி லியனகேயும். 2005இல் வெளிவந்த அந்த ஆய்வில், முகாமுக்குப் போனவர்களிடம் மற்ற இனத்தவர் மீதான பரிவு போகாதவர்களைவிடக் கூடுதலாக இருந்தது.

பரிவு வேறு, தொழில் வேறு. அபாயாப் பிரச்சினை நடந்த வாரத்தில் ஒன்பதாம் வகுப்புக்குள் போய் என்ன பேசுவது என்பதை நான்கு நாளில் யாரும் பழகிவிட முடியாது. 2016இல் அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களில் நடந்த ஆய்வொன்றில், தனக்கே தெரியாமல் உள்ளுறைந்திருக்கும் இனச்சாய்வைக் குறைக்கும் ஒன்பது குறுகிய முறைகளைச் சோதித்தார்கள். ஒன்பதும் உடனடியாக வேலை செய்தன, ஒன்றுகூடச் சில மணிநேரம் அல்லது சில நாட்களுக்குமேல் நிலைக்கவில்லை. மூன்று நாள் ஒன்றுகூடல், நீண்ட பயிற்சியின் முதல் வாரமாக இருக்கட்டும். அதையே பயிற்சி என்று பெயர்பண்ணிக் கணக்கு முடித்துவிடுவதுதான் என் பயம். செயலமர்வு நடந்துவிட்டது என்ற ஒரு வரி அறிக்கையில் ஏறினால் அடுத்த ஐந்து வருடத்துக்கு வேறு எதுவும் நடக்காது.

தனிப்பாடம்

இதற்கு ஒரு பெரிய பலம் உண்டு. நேரசூசியில் இடம் கிடைக்கிறது, கற்பிக்க ஒருவர் பொறுப்பாகிறார். பயிலுநருக்கு வரலாறு தெரியாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. 1956 தனிச்சிங்களச் சட்டம், 1970களின் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தல், 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறை, 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டது, 2014இல் அளுத்கமவிலும் 2018இல் திகனவிலும் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறை. இவற்றில் தன் சமூகத்துக்கு நடந்ததை மட்டும் தெரிந்தவராகத்தான் நம்மில் பெரும்பாலானவர் வளர்கிறோம். சட்டமும் தெரிய வேண்டும். அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், பிறந்த இடம் போன்ற காரணங்களால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. கல்வி அமைச்சு 2008இலேயே சமூக ஒருங்கிணைவுக்கும் சமாதானத்துக்குமான கல்விக்கென ஒரு தேசியக் கொள்கையை வெளியிட்டது. அதிபர் முன்னால் உட்காரும் இளம் ஆலோசனை ஆசிரியருக்கு, இது என் சொந்தக் கருத்து இல்லை, அமைச்சின் கொள்கை என்று சொல்லக்கூடிய பிடி அது.

பலவீனம், பரீட்சை. பரீட்சை வந்தால் சரியான விடையை எழுதப் பழகுவார்கள், பிள்ளைக்கு முன்னால் உட்காரப் பழகமாட்டார்கள். வரலாற்றைச் சொல்கிற விரிவுரையாளர் எந்தச் சமூகத்தவர் என்பதைப் பொறுத்து வகுப்பே இரண்டாகப் பிளக்கவும் கூடும். யாருக்கு முதலில் நடந்தது, யாருக்குக் கூட நடந்தது என்ற வாதத்தில் முழு நேரமும் போய்விடலாம். இருபது மணிநேரத்துக்கு மேற்படாமல், இரண்டு சமூகத்து விரிவுரையாளர்கள் சேர்ந்து நடத்தினால் இந்தப் பாடத்தை வைத்துக்கொள்ளலாம்.

எல்லாப் பாடங்களுக்குள்ளும்

தாளில் பார்த்தால் இதுதான் மிகச் சிறந்த வழி. தொழில் வழிகாட்டல் படிக்கும்போதே, எந்தப் பிள்ளைக்கு எந்தத் துறையை நாம் யோசிக்காமலே ஒதுக்கிவிடுகிறோம் என்று கேட்கலாம். இழப்பும் துக்கமும் படிக்கும்போதே காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளைப் பேசலாம். நடைமுறையில் இது ஒவ்வொரு விரிவுரையாளரின் விருப்பத்திலும் துணிவிலும் தங்கியிருக்கிறது. வருட முடிவில் விசாரித்தால் ஒவ்வொருவரும், அடுத்தவர் எடுத்திருப்பார் என்று நினைத்தேன் என்பார். விரிவுரையாளர்களையே முதலில் பயிற்றாமல் இதைத் தொடங்க முடியாது.

அடுத்த சமூகத்துப் பாடசாலையில் ஒரு தவணை

வாரத்தில் ஒரு நாள், ஒரு தவணை முழுக்க. நகரத்தில் உள்ள தமிழ்ப் பயிலுநர் கிண்ணியாவுக்கோ மூதூருக்கோ போகிறார், அங்கிருந்து ஒரு முஸ்லிம் பயிலுநர் நகரத்துத் தமிழ்ப் பாடசாலைக்கு வருகிறார். முதல் சில வாரங்களில் ஆலோசனை எதுவும் வழங்குவதில்லை. காலைக் கூட்டத்தில் நிற்பது, ஆசிரியர் ஓய்வறையில் இருப்பது, பெற்றோர் வந்து பேசுவதைக் கேட்பது, வரவுப் பதிவேட்டைப் பார்ப்பது. பிறகு அந்தப் பாடசாலையின் ஆலோசனை ஆசிரியரோடு கூட உட்காருவது. கடைசியில்தான், அவர் பொருத்தம் என்று கருதினால், பிள்ளையும் சம்மதித்தால், தானே ஒரு பிள்ளையோடு பேசுவது. பிள்ளைக்கான பொறுப்பு எப்போதும் அந்தப் பாடசாலையின் ஆலோசனை ஆசிரியரிடமே இருக்க வேண்டும். பயிலுநர் பழகுவதற்காக ஒரு பிள்ளையின் துன்பத்தைப் பயிற்சிப்பொருள் ஆக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

போக்குவரத்து முன்போல் பிரச்சினை இல்லை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தபின் பாதைப்படகுக்குக் காத்திருக்கும் காலம் முடிந்தது. நாட்காட்டிதான் கொஞ்சம் இடிக்கும். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறையோடு தனித் தவணை ஒழுங்கு இருப்பதால் இரு பக்கத் தவணைகளும் பொருந்தி வரும் வாரங்களை முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும்.

கலந்து பழகினால் வெறுப்புக் குறையும் என்பதை அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஓல்போர்ட் 1954இலேயே நிபந்தனைகளோடுதான் சொன்னார். இரு தரப்புக்கும் சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, ஒத்துழைப்பு, மேலதிகாரத்தின் ஆதரவு. 2006இல் பெட்டிகுரூவும் ட்ரொப்பும் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பழகுவது பொதுவாக முன்முடிவுகளைக் குறைக்கிறது என்றும், இந்த நிபந்தனைகள் இருந்தால் பலன் கூடுகிறது என்றும் தெரிந்தது. எங்கள் ஊருக்கு இதில் முக்கியமானது சம அந்தஸ்து. நகரத்தவர் மட்டும் கிண்ணியாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் அது விசாரணைக்கு வந்த அதிகாரியின் பயணம் ஆகிவிடும். போகிற ஒவ்வொருவருக்கும் ஈடாக ஒருவர் வர வேண்டும்.

இனி அந்த நிபந்தனைக்கு வருகிறேன். மேற்பார்வை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, போனவர்களும் வந்தவர்களும் ஒன்றாக இருந்து, இரண்டு சமூகத்து மேற்பார்வையாளர்கள் முன்னிலையில், பிள்ளையின் பெயர் சொல்லாமல், கண்டதைப் பேச வேண்டும். பேசுவதற்கு இடமில்லாமல் அனுப்பினால் ஒரு கசப்பான அனுபவம் போதும், ஏற்கெனவே இருந்த முன்முடிவு இறுகிப்போகும். நான் சொன்னேன்தானே, அவர்கள் இப்படித்தான் என்று திரும்பி வருவார். அப்படி ஒருவர் திரும்பி வருவதைவிட அவர் போகாமலே இருப்பது பிள்ளைகளுக்கு நல்லது.

மேற்பார்வை வேண்டும் என்று நான் அழுத்துவதற்கு இன்னொரு காரணம், பயிலுநர்களே காயப்பட்டவர்கள். 2006இல் போரால் சம்பூரை விட்டு ஓடிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை இன்று ஆசிரியராக இருக்கலாம். அந்த ஊர் மக்கள் 2015இல்தான் திரும்பி வரத் தொடங்கினார்கள். அதே 2006 ஓகஸ்டில் மூதூர்ச் சண்டைக்குள் அகப்பட்டு, கையில் எடுத்ததோடு கந்தளாய்ப் பக்கம் நடந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளையும் இன்று ஆசிரியராக இருக்கலாம். எல்லைக் கிராமத்தில் இரவில் காட்டுக்குள் ஒளிந்து படுத்த சிங்களக் குடும்பத்துப் பிள்ளையும்தான். இவர்களிடம் முதல் நாளே, அடுத்தவரின் வலியை விளங்கிக்கொள் என்று கேட்பது கொடுமை. தன் வலியை முதலில் யாராவது கேட்க வேண்டும். தன் கதையைச் சொல்லி, அது குறுக்குக் கேள்வி இல்லாமல் கேட்கப்பட்ட பிறகுதான் ஒருவருக்கு மற்றவரின் கதைக்குள் நுழைய இடம் வருகிறது. நல்ல மேற்பார்வையாளர் அந்த ஒழுங்கை மாற்றமாட்டார். செயலமர்வில் இதற்கு நேரமில்லை, தனிப்பாடத்தில் இதற்கு இடமில்லை. நான்காவது வழியை நான் தெரிவதற்கு மற்ற எல்லாக் காரணங்களையும்விட இதுதான் பெரியது.

மொழி இந்த வழியின் கடினமான இடம். தமிழ், முஸ்லிம் பயிலுநர்களுக்குப் பேச்சுவழக்கு வித்தியாசத்தைத் தவிர வேறு தடையில்லை. சிங்களப் பாடசாலைக்குப் போகும் தமிழ்ப் பயிலுநர், இரண்டாம் மொழிச் சான்றிதழ் வைத்திருந்தாலும், ஒரு பிள்ளை தேம்பித் தேம்பிச் சொல்வதைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குச் சிங்களம் தெரிந்தவராக இருப்பது அரிது. மொழிபெயர்ப்பாளரை அறைக்குள் வைத்தால் இரகசியம் மூன்றாம் ஆளுக்குப் போகிறது, பிள்ளை வாயை மூடிவிடும். ஆகவே சிங்களப் பாடசாலைகளோடு நேரடி ஆலோசனைப் பயிற்சி இப்போது வேண்டாம். மாதம் ஒரு தடவை, பெயர் நீக்கிய பிரச்சினைகளை மூன்று சமூகத்துப் பயிலுநர்களும் மொழிபெயர்ப்போடு ஒன்றாகப் பேசும் அமர்வு போதும். அங்கே மொழிபெயர்ப்பாளர் இருப்பதால் எந்தப் பிள்ளைக்கும் கெடுதி வராது.

ஒரு ஆட்சேபம் தமிழர் பக்கத்திலிருந்து நிச்சயம் வரும். அநியாயம் நடந்தது எங்களுக்கு, இனவாதத்துக்கு எதிரான பயிற்சி எங்களுக்கு எதற்கு என்று கேட்பார்கள். அநியாயம் நடந்தது உண்மை, அதைச் சொல்ல நான் ஒருநாளும் தயங்கியதில்லை. ஆனால் தமிழ்ப் பாடசாலையின் வாசலுக்குள் அதிகாரம் எங்கள் கையில் இருக்கிறது. அங்கே வரும் முஸ்லிம் ஆசிரியை, மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை, வெருகல் பக்கத்துப் பூர்வகுடிப் பிள்ளை ஆகியோர் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதற்குக் கொழும்பு பதில் சொல்லாது, நாங்கள்தான் சொல்ல வேண்டும். சோனி, தோட்டக்காட்டான், வேடன் என்ற வசைகள் எங்கள் ஓய்வறைகளிலும் கேட்கத்தான் செய்கின்றன.

அதனால் களப்பயிற்சி அடுத்த பாடசாலையில் முடியக் கூடாது. தவணை முடிந்து தன் பாடசாலைக்குத் திரும்பும் பயிலுநர், அங்கே சீருடை விதி, அனுமதி நடைமுறை, ஒழுக்காற்றுப் பதிவேடு, மாணவ தலைவர் பட்டியல் ஆகிய நான்கையும் எடுத்துப் படிக்க வேண்டும். யார் அடிக்கடி தண்டிக்கப்படுகிறார், யார் ஒருபோதும் தலைவராவதில்லை, எந்த விதி யாருக்கு மட்டும் நோகிறது என்று பார்த்து, மாற்றக்கூடிய ஒன்றையாவது அதிபரிடம் எழுத்தில் கொண்டுபோக வேண்டும். மதிப்பீட்டுக்குப் பரீட்சைத் தாளைவிட இந்தக் கடிதமும், அதைப் பற்றி மேற்பார்வையாளரோடு நடக்கும் உரையாடலும் பொருத்தம். அதிபர் மறுத்தால் பயிலுநருக்குப் புள்ளி குறையக் கூடாது. ஆலோசகர் நடுநிலையாக இருக்க வேண்டாமா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். இரண்டு பிள்ளைகள் சண்டை பிடித்தால் நடுநிலை வேண்டும். ஒரு விதி ஒரு பிள்ளையை மட்டும் வெளியே நிறுத்தினால், பேசாமல் இருப்பது அந்த விதியின் பக்கம் நிற்பதுதான்.

செலவுக் கணக்கில் நான்காவது வழி செயலமர்வைவிடக் கூடத்தான். பஸ் காசு பெரிதில்லை. பயிலுநர் ஏற்கெனவே ஆசிரியராக இருந்தால் வாரத்தில் ஒரு நாள் அவருடைய பாடவேளைகளை யார் எடுப்பது, மேற்பார்வையாளர்களின் நேரத்துக்கு யார் பொறுப்பு என்ற இரண்டும்தான் உண்மையான செலவு. வலயக் கல்விப் பணிப்பாளர்களின் எழுத்துமூல அனுமதியில்லாமல் தொடங்கவே கூடாது. யாராவது ஒரு பெற்றோர் கேள்வி எழுப்பும் முதல் நாளிலேயே பயிலுநர் தனித்துப்போவார்.

ஆகவே என் தெரிவு இப்படி: முதலில் மூன்று நாள் ஒன்றுகூடல், பிறகு இருபது மணிநேரப் பாடம், அதன்பின் ஒரு தவணைக் களப்பயிற்சி, கடைசியில் தன் பாடசாலைக்கான கடிதம். பாடங்கள் எல்லாவற்றுக்குள்ளும் கலக்கும் வேலையை இரண்டு பாடங்களில் மட்டும், விருப்பமுள்ள விரிவுரையாளர்களோடு தொடங்கலாம். இரண்டு சமூகத்திலிருந்தும் மேற்பார்வையாளர்கள் கிடைக்காவிட்டால் களப்பயிற்சியைத் தள்ளிவைத்து, மாதாந்தக் கூட்டு அமர்வை மட்டும் நடத்துவோம். கிடைத்தால் முதல் வருடம் நகரமும் கிண்ணியாவும், பக்கத்துக்கு நான்கு பயிலுநர்கள் போதும். மூதூரை இரண்டாம் வருடத்தில் சேர்க்கலாம். கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களப் பாடசாலைகளோடு நேரடிப் பரிமாற்றம், இரண்டு மொழியிலும் ஒரு பிள்ளையின் பேச்சைக் கேட்கக்கூடிய மேற்பார்வையாளர் ஒருவராவது எங்களிடம் இருக்கும் வருடத்தில்.